பதினேழாவது செக்கன்

நாவலடி வீதியில் பதினொரு மின்கம்பங்கள்.
முதல் கம்பத்தில் நுஸ்லா, கையில் போன்.
கடைசிக் கம்பத்தில் யாருமில்லை,
காயப் போட்ட வலையொன்று மட்டும்.

முப்பது செக்கன் முழுசாக.
பிறகு மூன்று நிமிசம்
கச்சான் வண்டியைத் தள்ளிப்போகிறவன் மாதிரி.
மறுபடி முப்பது.
ஆறு தரம்.
விடிய ஐந்தேகாலுக்கு,
கார்மென்ட்ஸ் பஸ் வருமுன்.

முதல் கிழமை
பதினேழாவது செக்கனில் தொடை என்னை விட்டுப் போனது.
வலி என்று சொல்லமாட்டேன்,
வலிக்கு ஓர் இடமுண்டு.
இது, பேர் சொல்லிக் கூப்பிட
வீட்டுக்குள் இருந்துகொண்டே
ஆள் குரல் கொடுக்காத மாதிரி.
பெடல் சுற்றியது. நான் சுற்றவில்லை.

நான்காம் தரம் முடிய
கம்பத்தைப் பிடித்துக்கொண்டு சத்தியெடுத்தேன்.
ராத்திரிப் பிட்டு.
ஒரு நாய் வந்து பார்த்துவிட்டுப் போனது.

நுஸ்லா ஆஸ்பத்திரியில் இரத்தம் பரிசோதிப்பவள்.
"அமிலம் மட்டுமில்ல கா, உப்பு.
ஒவ்வொரு மிதிக்கும் தசைநாருக்குள்ள இருந்து
பொட்டாசியம் கொஞ்சம் வெளிய கசியும்.
திரும்ப உள்ள இறைக்கப் பம்பு இருக்கு.
நீ மிதிக்கிற வேகத்துக்கு அது காணாது.
வெளிய உப்புக் கூடினா
நரம்பு சொல்றது நாருக்குக் கேக்காது."

அவள் கை நீட்டிய பக்கம் முகத்துவாரம்.
மணல் மூடிக் கிடந்தது,
இந்தப் பக்கம் வாவி, அந்தப் பக்கம் கடல்.

"இப்பிடி மிதிச்சா பம்பு கூடுமாம்.
ஆறு கிழமை எண்டு எழுதியிருக்கு.
ஆம்பிளையள வெச்சுத்தான் பாத்திருக்கானுகள்."

கார்மென்ட்ஸில் இன்னொரு கடிகாரம்.
கழுத்துப்பட்டி ஒன்றுக்கு நாற்பத்திரண்டு செக்கன்.
என் முதுகுக்குப் பின்னால் நின்று அளந்தவர்
முப்பத்தெட்டில் முடியும் என்று எழுதிக்கொண்டார்.
அடுத்த நாளிலிருந்து
வரிசை முழுவதற்கும் முப்பத்தெட்டு.
பக்கத்து மெஷின் கோசலை
மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

அங்கே களைப்பு வேறு சாதி.
அதற்கு உச்சி கிடையாது.
காலையில் கணுக்காலில் ஏறி
பின்னேரம் நாரியில் வந்து குந்தும்.
நடுவில் மூன்று நிமிசம்
எவரும் எழுதி வைக்கவில்லை.

மூன்றாம் கிழமை பத்தொன்பது.
நான்காம் கிழமையும் பத்தொன்பதுதான்.
ஐந்தில் காய்ச்சல், அடைமழை.
வாவி முட்டி, வயல் தாழ,
மண்ணை வெட்டி முகத்துவாரம் திறந்துவிட்டார்கள்.

ஆறாம் கிழமை நாங்கள் திரும்பிப் போனபோது
பழுப்புத் தண்ணீர் கடலுக்குள்
ஒரு நீள நாக்காய் இறங்கிக்கொண்டிருந்தது.

பதினேழு வந்தது.
கால் இருந்தது.
பத்தொன்பது,
இருந்தது.
எட்டாம் கம்பத்தடியில் ஒரு முருங்கை நிற்பது
அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.
இருபத்திமூன்றில்
அந்தப் பழைய ஆள் மறுபடி குரல் கொடுக்கவில்லை.

ஆறு கிழமைக்கு ஆறு செக்கன்.
இரண்டு கம்ப தூரம்.
களைப்பு எங்கும் போய்விடவில்லை,
கொஞ்சம் தள்ளிக் குடியிருக்கிறது.

பொங்கலுக்கு அடுத்த ஞாயிறு கல்லடியில் போட்டி.
இரண்டு கம்பம் முந்தியே பாய்ந்தேன்,
அவ்வளவு நம்பிக்கை.
நான்காம் இடம்.
முதல் வந்தது அக்கரைப்பற்றுப் பிள்ளை, வயது பதினாறு.
அவளுடைய இருபத்திமூன்று
எங்கே இருக்கிறதோ.

திங்கட்கிழமை
கடிகாரக்காரர் மறுபடி என் முதுகுக்குப் பின்னால்.
ஊசியின் கீழே துணி.
முப்பத்துநான்கில் முடித்திருப்பேன்,
கால் சொன்னது, கை சொன்னது.
நூலை அறுத்து மறுபடி கோர்த்தேன்.
பட்டியைத் திருப்பிப் பார்த்தேன்.
நாற்பத்திரண்டு.

"களைச்சுப் போனியா?"
"ஓம் சேர்."

கோசலை நூலைக் கடித்தபடி
என்னைத் திரும்பிப் பார்த்தாள்.